ஆர்கானிக் துணி பிராண்டுக்காகப் பேசும் சூழல் ஆர்வலர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மரம் நடுவது, குப்பை பிரிப்பது என்று ஓடிக்கொண்டிருந்த எங்கள் பகுதி ஆர்வலர்கள் இப்போது ஓர் ஆர்கானிக் துணி பிராண்டையும் ஆதரித்துப் பேசுகிறார்கள். இப்படிப்பட்டவர்களோடு பழகியவர்கள் எழுதுங்கள். பிராண்ட் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும்.

என்னுடையது இது. அவர்கள் நடத்திய துணிப் பழுதுபார்க்கும் முகாமுக்கு ஜிப் கெட்ட பேன்ட் ஒன்றை எடுத்துப் போனேன். ஓரமாக அந்த பிராண்டின் சட்டைகள் தொங்கின. சரி, தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். மேசையில் இருந்த அக்கா ஜிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லா இருக்கு, ரன்னர்தான் வாய் விட்டிருக்கு" என்றார். பிளேயரால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல நசுக்கினார், ஜிப் ஏறிவிட்டது. "இது இன்னும் ரெண்டு வருஷம் வரும், புதுசு எதுக்கு?"

சட்டையைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். உள்பக்க லேபிளைத் திருப்பிக் காட்டினார்: ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று) முத்திரை, சான்றளித்த நிறுவனத்தின் பெயர், உரிம எண். "என்னை நம்பாதீங்க, இந்த எண்ணை ஜிஓடிஎஸ் தளத்துல போட்டுப் பாருங்க." லேபிளில் வெறும் 'ஆர்கானிக்' என்று இருந்தால் குறைந்தது 95 சதவீத இழை ஆர்கானிக்காக இருக்க வேண்டும், 'ஆர்கானிக் இழை கலந்தது' என்ற தரத்துக்கு 70 போதும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தையல் நூல் பாலியஸ்டர்தான் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

—

கொடுத்து வைத்தவர் நீங்கள். எனக்குக் கிடைத்த தம்பி, "மூங்கில் துணிங்க, நூறு சதவீதம் இயற்கை" என்று ஆரம்பித்தார். மூங்கிலிலிருந்து இழை எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டால் துண்டுப் பிரசுரத்தை நீட்டுகிறார். சந்தையில் மூங்கில் துணி என்று வருவதில் பெரும்பாலானது விஸ்கோஸ், அதாவது ஒரு வகை ரேயான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு எல்லாம் போட்டுக் கரைத்து இழையாக இழுப்பது. அமெரிக்காவில் இதை 'மூங்கில்' என்று மட்டும் போட்டு விற்க முடியாது, ரேயான் என்று லேபிளில் இருந்தாக வேண்டும். கடைசியில் ஒரு கூப்பன் கோடும் தந்தார். அதில் அவருக்கும் கமிஷன் உண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பையன்தான். ஆனால் அது ஆதரவு இல்லை, விற்பனை.

—

எங்கள் குழுப் பெரியவர் சாயப்பட்டறை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பஞ்சு எங்கே விளைந்தது என்று விசாரிப்பார்கள், இவர் எடுத்த எடுப்பில் "சாயத் தண்ணி எங்க போகுது?" என்பார்.

பிராண்டின் கறுப்பு டி-ஷர்ட்டை வாங்கி, நனைத்த கைக்குட்டையால் தையல் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையில் லேசாகச் சாம்பல் நிறம். "பரவால்ல, சோப்பிங் ஒழுங்கா பண்ணியிருக்கான்." (துணியோடு பிணையாமல் நிற்கும் சாயத்தைச் சுடுதண்ணீரில் அலசி எடுப்பது.) பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற உப்பு வேண்டும், நிறம் அடர்த்தியாக ஆக உப்பும் கூடும். சாதாரணச் சுத்திகரிப்பில் அந்த உப்பு போகாது, ஆர்ஓ வைத்துத்தான் பிரிக்க வேண்டும். பஞ்சு ஆர்கானிக்காகவே இருக்கட்டும், பட்டறையில் கோட்டை விட்டால் ஆற்றுக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. இயற்கைச் சாயம் என்றாலும் விடமாட்டார்: நிறம் பிடிக்கப் படிகாரம் போட்டார்களா, குரோமியம் உப்பு போட்டார்களா என்று கேட்பார்.

முத்திரைகளையும் அவரிடம்தான் பிரித்துப் பார்க்கக் கற்றேன். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது துணியில் தீங்கான ரசாயனம் உண்டா என்று சோதிப்பது, பஞ்சு ஆர்கானிக்கா என்பது அதன் வேலை இல்லை. ஜிஓடிஎஸ் பட்டறைக் கழிவுநீரையும் பார்க்கும். கழிவுநீர் ஆய்வு அறிக்கையைக் கேட்டவுடன் அனுப்பினார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் அந்த பிராண்டை ஆதரிக்கிறார்.

—

எங்கள் ஊர் ஆர்வலர்கள் ஆர்கானிக் பருத்தியின் அருமையை விளக்கக் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்த டி-ஷர்ட் இலவசம். பாலியஸ்டர். 🙂

—

பஞ்சு, சாயம் எல்லாம் பேசினீர்கள், தைப்பவர்களை விட்டுவிட்டீர்களே. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற தையல் ஆலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். 'என் துணியைத் தைத்தது யார்?' என்று உலகமே கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் தான் ஆதரிக்கும் பிராண்டிடமே தையல் தொழிலாளர் கூலி, ஓவர்டைம் விவரம் கேட்டு எழுதினார். தொழிற்சாலை முகவரி உடனே வந்தது. கூலிக்கு மட்டும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரி. அந்தப் பதிலை அப்படியே பிரிண்ட் எடுத்து, அவர் ஏற்பாடு செய்த கண்காட்சியில் அதே பிராண்டின் துணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். பிராண்டின் ஆட்கள் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. "நான் உங்க ஆதரவாளர், உங்க ஊழியர் இல்லை" என்றார். அடுத்த கடிதமும் போட்டாகிவிட்டது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.