மார்பில் மாற்றம் தெரிந்த அந்த நிமிடம்: உங்கள் அனுபவம் என்ன?

கோடைமழை
குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, ஸ்கேனுக்குப் போனேன். அந்தக் கதை உங்களுக்கே தெரியும். எனக்கு மறக்காதது ஸ்கேன் எடுத்த டாக்டர் திடீரென்று வாயை மூடிக்கொண்டதுதான். ஜெல் தடவும்போது "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், இடது பக்கம் அக்குளை ஒட்டிய இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார். கருவியை அழுத்தினார், திருப்பினார், மறுபடி அதே இடம். திரையில் முட்டை வடிவத்தில் கறுப்பாக ஒன்று. அதன் இரு முனையிலும் சின்னக் கூட்டல் குறி வைத்தார். டக், டக். "ஏதாவது இருக்கா டாக்டர்?" என்றேன். "ரிப்போர்ட்ல வரும்மா." அவ்வளவுதான்.

திசு எடுத்துப் பார்த்ததில் ஃபைப்ரோஅடினோமா. புற்றுநோய் இல்லை, நிம்மதி. ஆனால் அந்த 'டக், டக்' இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு யாராவது அங்கேயே ஏதாவது சொன்னார்களா?

தாழம்பூ
எனக்கில்லை, அம்மாவுக்கு. கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்ததால் ரவிக்கை மாட்டிவிடப் போனேன். வலது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் தோல் லேசாகக் குழிந்திருந்தது.

"எப்போலேர்ந்தும்மா இப்படி?"

"அது கொஞ்ச நாளாவே அப்படித்தான்டி. வலி கிலி ஒண்ணும் இல்லையே" என்று நல்ல கையால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். வலித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாம் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் கை முறியாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

நேர்கோடு
என் மனைவி மாதம் தவறாமல் தடவிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே திசு எடுக்கும் ஊசி வரை போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தோம். நடுவில் அவள் தூங்கவே இல்லை.

சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். ஷாங்காயில் ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 2,66,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு சுயபரிசோதனை சொல்லிக்கொடுத்தார்கள், மறுபாதிக்கு இல்லை. முடிவு 2002-ல் வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. கற்றுக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் இல்லாத வெறும் கட்டிக்காக பயாப்ஸி, அதாவது திசு எடுத்துச் சோதிப்பது, செய்ததுதான் அதிகம். அதனால்தான் பல மருத்துவ அமைப்புகள் மாதாமாதம் கட்டாயம் என்று இப்போது சொல்வதில்லை. வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், மாறினால் காட்டுங்கள், அது போதும். பார்ப்பதானால் மாதவிலக்கு முடிந்த சில நாளில் பாருங்கள். அதற்கு முன்னால் இயல்பாகவே வீங்கிக் கட்டி கட்டியாகத்தான் தெரியும். அமெரிக்காவில் 2024 பரிந்துரைப்படி 40 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தால் எப்போது தொடங்குவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்புறம், திசு எடுக்க ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வெண்மேகம்
நேர்கோடு சார், ஆய்வு சரி. தாழம்பூவின் அம்மா ரவிக்கைக்குள் பார்த்தும் சொல்லாமல் இருந்தாரே, அதற்கு உங்கள் ஆய்வில் என்ன பதில்? மேமோகிராம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கட்டியே இல்லை, மேமோகிராமிலும் பிடிபடவில்லை. ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிந்தது. முதலில் பார்த்தவர் பால் கட்டி என்றார். பால் கொடுத்த காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது என்று நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. பேனா மாத்திரைப் பெயரில்தான் இருந்தது. ஆன்டிபயாடிக் முடிந்தும் சிவப்பு குறையவில்லை. வேறு டாக்டர் தோலோடு சேர்த்துத் திசு எடுத்தபிறகுதான் அழற்சி வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. கையும் கண்ணும் நமக்கு எதற்கு இருக்கிறது, சொல்லுங்கள்?

நேர்கோடு
மாற்றம் தெரிந்தால் காட்டுங்கள் என்றுதானே நானும் எழுதினேன்? மேலே படியுங்கள்.

ஒற்றைமரம்
சண்டைக்கு நடுவில் ஒன்று. நான் ஆண். மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்று எங்கள் பக்கம். காம்புக்குப் பின்னால் கெட்டியாக, அசையாமல் இருந்தது. மேமோகிராம் அறை வாசலில் என் பெயரைக் கூப்பிட்டபோது எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள், அவளும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். உள்ளே படிவத்தில் 'கடைசி மாதவிலக்கு தேதி' என்று ஒரு கட்டம். நர்ஸம்மா என்னைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார், குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு "சட்டையைக் கழட்டுங்க சார்" என்றார்.