எந்த ஃப்ளூரின்னு தெரியல, பிரான்ஸ் பழைய பதிவேடு பாத்த அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

என் வீட்டுக்காரரோட கொள்ளுப்பாட்டி பிறந்த ஊரைத் தேடி மூணு மாசமா மண்டை காயுது. கையில இருக்கறது அவங்க கல்யாணப் பத்திரம் மட்டும்தான், அதுல ஊர் பேர் இருக்கற எடத்துல தண்ணி பட்டு மை கரைஞ்சு "ஃப்ளூரி", அப்பறம் ஒரு சின்னக் கோடு, அதுக்கப்பறம் ஊதாக் கறைதான். மாவட்டம் மியூஸ்ங்கறது மட்டும் தெளிவா இருக்கு. பிறந்தது 1886 வாக்குல.

வெர்தன் பக்கத்து ஃப்ளூரி-தெவான்-துவோமோன்னு நெனச்சு ஏப்ரல்ல நேர்லயே போனோம். முதல் உலகப் போர்ல, 1916 சண்டையில தரைமட்டமான ஊர், இன்னைக்கு ஒருத்தர்கூட குடியில்ல, ஆனா சட்டப்படி இன்னும் ஒரு கிராமம், பேருக்கு ஒரு மேயரும் உண்டு! குண்டு விழுந்த குழியெல்லாம் புல்லு மூடிக் கெடக்கு, நடுவுல இங்க பேக்கரி, இங்க கொல்லன் பட்டறைன்னு சின்னச் சின்னப் பலகை. பாத்துட்டு ரொம்ப நேரம் பேச்சே வரல.

மாவட்ட ஆவணக் காப்பகத்துல அந்த ஊரோட 1883-1892 பத்து வருஷ அட்டவணை (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளோட பேர்ப் பட்டியல்), முந்தின 1873-1882, ரெண்டும் பாத்தாச்சு, பேர் இல்ல. 1891 மக்கள்தொகைக் கணக்குலயும் அந்தக் குடும்பம் இல்ல. அப்பறம்தான் தெரிஞ்சது அதே மாவட்டத்துல ஃப்ளூரி-சுர்-ஏர்னு இன்னொண்ணு, இப்ப நுபேகூர் கிராமத்தோட சேந்துடுச்சு. அங்கயும் அட்டவணையில கெடைக்கல, குடும்பப் பேரை வேற எழுத்துல எழுதியிருப்பாங்களோ என்னவோ.

ரெண்டு ஃப்ளூரியில எதுன்னு உறுதி பண்ண அடுத்து எந்தப் பதிவேட்டைப் பாக்கணும்?