1908-ல் சிகாகோ பல்கலைக்கழகம் உண்மையிலேயே அமெரிக்க கல்லூரி சாம்பியனா?

கோர்ட்டோரம்:
பழைய கல்லூரி பாஸ்கெட்பால் பற்றிப் பேச்செடுத்தாலே, "1939-ல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) போட்டி ஆரம்பிப்பதற்கு முன் இருந்ததெல்லாம் காகிதப் பட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மற்ற வருடங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் வாதாட மாட்டேன். 1907-08 சீசனை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

அந்த சீசனில் சிகாகோ தோற்றது இரண்டே ஆட்டங்கள்தான். வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் (இன்றைய பிக் டென் லீக்) அவர்களும் விஸ்கான்சினும் சமமாக முடித்தார்கள். அதைத் தீர்க்க மாடிசனில், விஸ்கான்சினின் சொந்த மண்ணிலேயே, தனியாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். 16-16 என்று நின்ற ஆட்டத்தை சிகாகோவின் பேட் பேஜ் போட்ட கூடை 18-16 என்று முடித்தது. அப்புறம் கிழக்கு லீக்கை ஜெயித்திருந்த பென்சில்வேனியாவோடு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என இரண்டு ஆட்டம். சிகாகோவில் 21-18, பிலடெல்பியாவில் 16-15. இரண்டிலும் சிகாகோதான். கிழக்கின் முதல் அணியும் மேற்கின் முதல் அணியும் நேருக்கு நேர் நின்று தீர்த்துக்கொண்ட பட்டம் எப்படிக் காகிதப் பட்டம் ஆகும்?

நெல்லைக் கணக்கர்:
ஆட்டங்கள் நடந்ததை யாரும் மறுக்கவில்லை நண்பரே. "தேசிய சாம்பியன்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பால் ஹெல்ம்ஸ் என்ற ரொட்டி வியாபாரியின் பணத்தில் 1936-ல் தொடங்கிய ஹெல்ம்ஸ் அறக்கட்டளை கொடுத்த பெயர் அது. 1901 முதல் 1919 வரையிலான சாம்பியன்களை அவர்கள் அறிவித்தது 1957-ல்! அரை நூற்றாண்டு கழித்து, பார்க்காத ஆட்டங்களுக்கு உட்கார்ந்து பட்டம் எழுதியிருக்கிறார்கள்.

1995-ல் வந்த பிரேமோ-பொரெட்டா தரவரிசை அதே 1908-க்கு இண்டியானாவின் வாபாஷ் கல்லூரியை முதலிடத்தில் வைத்திருக்கிறது. வாபாஷ் அந்த சீசனில் 24 ஆடி 24-ம் ஜெயித்த அணி. இரண்டு தோல்வி உள்ள அணி சாம்பியன், தோல்வியே இல்லாத அணி ஒன்றுமில்லையா?

மூன்றாம் கால்வாசி:
எனக்கு இதில் வேறு சந்தேகம். 16-15, 18-16 எல்லாம் இன்று எங்கள் ஊர் பள்ளிப் பசங்கள் முதல் பத்து நிமிடத்தில் போடும் புள்ளி. இவ்வளவு மட்டமான ஆட்டத்தில் யார் பெரியவர் என்று தேடுவதில் என்ன இருக்கிறது?

பழைய பிவட்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். புள்ளி குறைவு என்பதால் ஆட்டம் மட்டம் ஆகிவிடாது. அன்றைய விதிகளைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

அப்போது ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஜம்ப் பால் போடுவார்கள், அதாவது இரு அணி சென்டர்களுக்கும் நடுவே பந்தை மேலே எறிவார்கள், தாவிப் பிடிக்க வேண்டும். 1937 வரை இதுதான் விதி. அதாவது நல்ல சென்டர் உள்ள அணி, கூடை போட்டுவிட்டு அடுத்த பந்தையும் தானே எடுத்துக்கொள்ளும். சிகாகோவில் ஜான் ஷோமர் என்ற சென்டர் இருந்தார் என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலேயே புரியும். இத்தனை நொடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற ஷாட் கிளாக் கிடையாது, கல்லூரி ஆட்டத்தில் அது 1985-ல்தான் வந்தது. முன்னிலை கிடைத்தால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டலாம். ஃபவுல் வாங்கியவரே ஃப்ரீ த்ரோ போட வேண்டும் என்பதும் அன்று இல்லை. அணியில் கை நிதானம் உள்ள ஒருவர் எல்லா ஃப்ரீ த்ரோவையும் போடுவார். பந்தும் இன்றைய பந்து இல்லை. தோலை இழுத்துக் கயிற்றால் முடிந்த பந்து. அந்த முடிச்சு தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிப்ளிங்) உள்ளே நுழைவதை விட பாஸ்தான் ஆட்டம். நான் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். இந்த விதிகளில் இன்றைய அணி ஒன்றை இறக்கிப் பாருங்கள், 20 புள்ளி எடுக்கவே திணறும்.

மூன்றாம் கால்வாசி:
நடுவட்ட விஷயம் எனக்குத் தெரியாது அண்ணே. சரி, அந்தக் கோணத்தில் பார்த்தால் 16-15 பெரிய ஆட்டம்தான். பென்சில்வேனியாவுக்கு எதிராக ஷோமர் 80 அடியிலிருந்து கடைசி நேரத்தில் கூடை போட்டதாகச் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

நெல்லைக் கணக்கர்:
ஒரு புள்ளி வித்தியாசத்தை நம்புகிறேன், அந்த 80 அடியை நம்பவில்லை. இன்றைய முழு கோர்ட்டே 94 அடி. ஒரு முனையிலிருந்து கிட்டத்தட்ட மறுமுனைக்கு அந்தக் கனமான பந்தை எறிந்து போட்டார் என்றால், சொல்லச் சொல்ல வளர்ந்த கதை என்றுதான் நினைப்பேன்.

ஆனால் என் வாதம் அது இல்லை. வாபாஷ் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அணியின் பயிற்சியாளர் ரால்ஃப் ஜோன்ஸ். அவரே பிறகு இல்லினாய்க்குப் போய் 1914-15-ல் 16-0 என்று ஆடினார். அதற்கு ஹெல்ம்ஸ் பட்டம் கொடுத்தது! பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தெரிந்த அதே மனிதர், சிறிய கல்லூரியில் 24-0 ஆடியபோது கண்ணில் படவில்லை. வாபாஷ் எந்தப் பெரிய லீக்கிலும் இல்லாததால் அந்தக் கிழக்கு-மேற்குத் தொடரில் அதற்கு இடமே கிடைக்காது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்த இருவரில் ஜெயித்தவரை "தேசிய" சாம்பியன் என்பது நியாயமில்லை.

கோர்ட்டோரம்:
ஜோன்ஸ் வாதம் வலுவானது, மறுக்க மாட்டேன். ஆனாலும் 24-0 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. யாரோடு ஆடினார்கள் என்பதும் கணக்கு. தோல்வி இல்லாத சீசன் ஒரு சாதனை. எதிராளியின் ஊருக்கே போய் ஒரு புள்ளியில் தப்பிப் பட்டம் எடுப்பது இன்னொரு வகைச் சாதனை. நான் இரண்டாவதை மேலே வைப்பேன்.

நெல்லைக் கணக்கர்:
அப்படியானால் உங்கள் அளவுகோலையே வைத்துக் கேட்கிறேன். ஹெல்ம்ஸ் சிகாகோவுக்கு 1907, 1909 இரண்டுக்கும் பட்டம் கொடுத்திருக்கிறது. 1907-ல் லீக்கிலேயே மினசோட்டா, விஸ்கான்சின், சிகாகோ மூன்றும் சமம். 1909-ல் 12-0, ஆனால் பன்னிரண்டும் லீக் ஆட்டம், கிழக்கு அணி எதையும் தொடவில்லை. அவை இரண்டும் செல்லுமா?

கோர்ட்டோரம்:
செல்லாது. ஷோமர், பேஜ் இருவரும் எனக்கு மிகப் பிடித்தவர்கள். 1909 அணிதான் மூன்றிலும் சிறந்தது என்றும் நினைக்கிறேன். ஆனாலும் அது லீக் சாம்பியன், அவ்வளவுதான். 1907-ஐ லீக் சாம்பியன் என்றுகூடத் தனியாகச் சொல்ல முடியாது. 1908-க்கு "கிழக்கு-மேற்கு சாம்பியன்" என்று எழுதினால் உங்களுக்குச் சம்மதமா?

நெல்லைக் கணக்கர்:
அதற்குச் சம்மதம். பக்கத்திலேயே வாபாஷ் 24-0 என்றும் எழுத வேண்டும்.

பழைய பிவட்:
எழுதுங்கள். ஆனால் இதே கேள்வி கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. ஹெல்ம்ஸ் கொடுத்த 1922, 1923 பட்டங்களுக்கு அவர்களுடைய ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கத்தில் கொடி தொங்குகிறது. அவற்றை இறக்கச் சொல்வீர்களா? அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், இருவரும் வாருங்கள்.