வீட்டுலயே கார் சர்வீஸ் பண்ணலாமுங்களா?

பொள்ளாச்சித் தம்பி:
நார்மில்லுக்குப் பக்கத்துல குடியிருக்கறோமுங்க. பெட்ரோல் வேகன்ஆர், 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. போன மாசம் சர்வீஸ் உட்டப்ப, ஏர் ஃபில்டர் மாத்துனதா பில் போட்டுக் காசு வாங்கிட்டாங்க. பிக்கப் சரியில்லையேன்னு கிளிப்பைக் கழட்டிப் பார்த்தா பழைய ஃபில்டர்தான் இருக்குதுங்க. மடிப்புக்கு மடிப்பு பழுப்பா நார்த்தூசி அடைஞ்சு கெடக்குது, தட்டத் தட்ட வந்துட்டே இருக்குது. மனசே உட்டுப்போச்சு. ஆயிலும் ஃபில்டரும் இனி நானே மாத்திக்கலாம்னு இருக்கறேன். வண்டியோட வந்த ஜாக்கி, ஸ்பேனர் செட்டு ரெண்டும் இருக்குது. செஞ்சவங்க சொல்லுங்க.

காங்கயம் கட்டுத்தரை:
தாராளமா பண்ணலாமுங்க தம்பி. ஒம்பது வருசமா எங்க சாளையில, கட்டுத்தரையிலதான் நான் பண்றேன். ஆனா அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாத்தறதுக்கு மட்டுந்தான். அதை நம்பி அடியில தலைய வுட்டுறாதீங்க. வண்டியத் தாங்கற ஸ்டேண்டு ஒரு சோடி வாங்குங்க. மொதல்ல ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல்லுக் குடுத்து, அப்பறம் வண்டியத் தூக்கி ஸ்டேண்டு மேல எறக்கி, ஒருக்கா அசைச்சுப் பார்த்துட்டு உள்ள போங்க. மண்தரை வேண்டாம், ஸ்டேண்டு எறங்கீரும்.

இஞ்சின் வெதுவெதுப்பா இருந்தாத்தான் ஆயில் கசடோட எறங்கும். அடியில ஒரு பழைய போசி வெச்சுக்கங்க. ஆயில எறக்கற டிரெய்ன் போல்ட்டுக்கு வாசர் புதுசு போடுங்க. ஸ்பேனர்ல பைப்பு மாட்டி முறுக்காதீங்க. ஆயில் நிக்கற சேம்பரோட மரை போச்சுன்னா லேத்துப் பட்டறைதான்.

என்ர தப்பையும் சொல்லிடறேன். ரெண்டாவது தடவை பண்ணப்ப, பழைய ஆயில் ஃபில்டரோட ரப்பர் வளையம் இஞ்சின்லயே ஒட்டிட்டு நின்னுருச்சு. கறுப்பு மேல கறுப்பு, கண்ணுக்குத் தெரியல. அதும்மேலயே புதுச முறுக்கிட்டேன். வீட்டுல ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தப்ப ஒரு சொட்டு ஒழுகலை. தாராபுரம் ரோட்டுல நாலு கிலோமீட்டர் போகலை, சிவப்பு ஆயில் லைட்டு எரிஞ்சுது. அந்த எடத்துலயே ஆஃப் பண்ணிட்டேன். எறங்கிப் பார்த்தா வந்த தடத்துல கோடு போட்டாப்ல ஆயிலு. பங்காளி ட்ராக்டரக் கொண்டாந்து கட்டி இழுத்தாரு. இஞ்சின் தப்புச்சுது. அன்னைல இருந்து, பழைய ஃபில்டரத் திருப்பி வளையம் அதுல இருக்குதான்னு வெரல் வெச்சுத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் புதுச எடுப்பேன். புது வளையத்துல கொஞ்சூண்டு ஆயில் தடவுங்க. கையாலயே சுத்தி, ஒட்டுனதுக்கப்பறம் முக்காச் சுத்து போதும்.

ஆயில் கிரேடும் அளவும் வண்டிப் புத்தகத்துல இருக்கும். கொஞ்சம் கம்மியா ஊத்தி, ஒரு நிமிசம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் எறங்குனதுக்கப்பறம் அளவு பார்க்கற கம்பி, டிப்ஸ்டிக், அதைப் பார்த்து நிரப்புங்க. நார்த்தூசிக்குள்ள இருக்கறவங்க ஏர் ஃபில்டருக்கு மட்டும் புத்தகக் கணக்குப் பார்க்காதீங்க. 3,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா தொறந்து பாருங்க.

பெருந்துறை மெக்கானிக்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பிரேக்குல மட்டும் பழகாம கை வைக்காதீங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். மாத்தும்போது பைப்புல காத்து நின்னுட்டா பெடல் அப்படியே உள்ள போயிரும். இன்னொண்ணு, எந்தப் பட்டறைக்குப் போனாலும் கழட்டுன பழைய சாமானை டிக்கியில போடச் சொல்லுங்க. மறுக்கற எடத்துக்கு மறுபடி போகாதீங்க. எங்க தொழிலுக்கே இதனால கெட்ட பேரு.

பொள்ளாச்சித் தம்பி:
ரொம்ப நன்றிங்க, ஸ்டேண்டு வாங்கிட்டுத்தான் தொடுவேன். பழைய ஆயில என்ன பண்றதுங்க? கரையானுக்குத் தென்னை அடியில ஊத்தச் சொல்றாங்க பக்கத்துத் தோட்டத்துல.

காங்கயம் கட்டுத்தரை:
ஊத்தவே ஊத்தாதீங்க தம்பி. மண்ணும் போகும், கெணறும் போகும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ எங்க ஒறம்பரைக்காரங்க தோட்டம் இருக்குது. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணி அந்த அணையில நின்னு எறங்குன கெணத்துல மாடு வாய் வைக்காம மொகத்தத் திருப்புனதை நான் பார்த்திருக்கறேன். புது ஆயில் வந்த கேன்லயே பழசை ஊத்தி இறுக்கமா மூடி, பழைய ஆயில் சேத்தற ஒர்க்ஷாப்புல குடுத்துருங்க. கேன் மேல ‘பழசு’ன்னு பெருசா எழுதி வைங்க. இல்லாட்டி வீட்டுல யாராச்சும் புதுசுன்னு நெனச்சு மோட்டாருக்கு ஊத்தீருவாங்க.