இப்ருடினிப் எடுப்பவருக்கு நகம் உரிகிறது, சளிக் காய்ச்சலும் விட்டபாடில்லை: பூஞ்சை மாத்திரை கொடுக்கலாமா?

மதுரை மருமகள்:
அனைவருக்கும் வணக்கம். அத்தைக்கு 63 வயது, எடை 50 கிலோ. சிஎல்எல் வகை ரத்தப் புற்றுநோய். எட்டு மாதமாக இப்ருடினிப் 420 மி.கி. தினமும் எடுக்கிறார். நெறிக்கட்டு வடிந்துவிட்டது, ஹீமோகுளோபினும் ஏறியிருக்கிறது. ஆனால் சைனஸ், நெஞ்சுச் சளி என்று மாறி மாறி வருகிறது. ஆன்டிபயாடிக் முடித்த இரண்டு வாரத்தில் மறுபடி ஆரம்பம். நடுவில் ஒரு முறை நிமோனியாவுக்கு அட்மிஷன். ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற ஆன்டிபாடி அளவு 310.

இப்போது பத்து விரல் நகமும் அடுக்கடுக்காக உரிகிறது, சேலையில் மாட்டி இழுக்கிறது. ஒரு விரலில் நகச்சுற்று. பக்கத்து கிளினிக்கில் பூஞ்சை என்று சொல்லி இட்ராகோனசோல் எழுதியிருக்கிறார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா? அடிக்கடி தொற்று வருவதற்கு என்ன செய்வது?

மருந்தாளர்:
கொடுக்காதீர்கள். முதலில் கேன்சர் டாக்டருக்கு போன் போடுங்கள்.

இப்ருடினிப் கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் உடைகிறது. இட்ராகோனசோல் அந்த நொதியையே முடக்கும். விழுங்குவது அதே 420 மி.கி.தான், ரத்தத்தில் சேருவதோ பல மடங்கு. ரத்தக்கசிவு, இதயத் துடிப்பு தாறுமாறாவது எல்லாம் அதனால் வரும். வோரிகோனசோல், போசகோனசோல், கிளாரித்ரோமைசின் இவையும் அதே ரகம். ஃபுளூகோனசோல், எரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம் சற்று மிதம், ஆனால் அவற்றுக்கும் இப்ருடினிப் அளவைக் குறைக்க வேண்டிவரும். உயிருக்கு ஆபத்தான பூஞ்சைத் தொற்று என்றால் டாக்டரே இப்ருடினிப்பைக் குறைத்து அல்லது நிறுத்தி இந்த மருந்துகளைத் தருவார். நகத்துக்காக அந்த வம்பு தேவையில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்கு சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காசநோய் என்று வந்தால் ரிஃபாம்பிசின் தருவார்கள். அது இப்ருடினிப்பை வேகமாக உடைத்து, வேலை செய்யாத அளவுக்குக் குறைத்துவிடும். நெஞ்சு டாக்டரும் கேன்சர் டாக்டரும் பேசாமல் அதைத் தொடங்கக்கூடாது.

கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் வேண்டாம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக் கடையில் எது வாங்கினாலும் இப்ருடினிப் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

தோல்_நகம்:
பத்து விரலும் ஒரே மாதிரி, நுனியிலிருந்து உரிகிறது என்கிறீர்கள். பூஞ்சை பெரும்பாலும் அப்படி வராது. அது ஒன்றிரண்டு நகத்தில், அதிலும் கால் நகத்தில், மஞ்சளாகத் தடித்து, அடியில் மாவு போல உதிரும். இப்ருடினிப் எடுப்பவர்களுக்கு சில மாதம் கழித்து நகம் இப்படி மெலிந்து உரிவது நன்கு தெரிந்த பக்கவிளைவு. சந்தேகம் என்றால் நகத்தைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கேஓஎச் பரிசோதனையும், அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் செய்யச் சொல்லுங்கள். பூஞ்சை உறுதியானாலும் மேலே பூசும் அமோரோல்ஃபின் 5 சதவீத லேக்கர், வாரம் ஒன்றிரண்டு முறை, இப்ருடினிப்போடு மோதாது.

பராமரிப்பு: நகத்தைக் குட்டையாக, நேராக வெட்டுங்கள். குளித்தவுடன், ஊறி மெத்தென்று இருக்கும்போது வெட்டினால் பிளக்காது. அரம் தேய்ப்பது காய்ந்த பிறகு, ஒரே திசையில். உரியும் அடுக்கைப் பிய்க்கவே கூடாது. இரவில் கையை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் வாசலின் அல்லது 10 சதவீத யூரியா கிரீம் தடவுங்கள். நகத்தின் அடித்தோலைத் தள்ளவோ வெட்டவோ வேண்டாம். கிருமி உள்ளே போகாமல் தடுப்பதே அதுதான். பாத்திரம் தேய்க்கும்போது பருத்தி கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து ஊறி இன்னும் கெடும்.

நகச்சுற்றுக்கு உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. டாக்டரைக் கேட்டு முபிரோசின் 2 சதவீத களிம்பு. சீழ் கோத்தாலோ, சிவப்பு விரலில் மேலே ஏறினாலோ அன்றே காட்டுங்கள். ஊசியால் குத்தி எடுக்க வேண்டாம். நகத்தை எடுக்க வேண்டும் என்றால் அதற்கு முன்னும் பின்னும் இப்ருடினிப்பை 3 முதல் 7 நாள் நிறுத்துவது வழக்கம். எத்தனை நாள் என்பதை கேன்சர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பயோட்டின் 2.5 மி.கி. சிலருக்கு உதவுகிறது. ஆனால் அது தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனைகளில் தப்பான எண் காட்ட வைக்கும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். கை நகம் மாதம் 3 மி.மீ. அளவுதான் வளரும், அதனால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மருதாணி வைக்கலாம், ஆனால் நகத்தை மூடாமல். நிறம் இருந்தால் மாற்றம் தெரியாது, ஆக்சிமீட்டரும் சரியாகக் காட்டாமல் போகலாம்.

டே_கேர்_நர்ஸ்:
தொற்றுக்கு வருகிறேன். ஐஜிஜி 310 என்பது மிகக் குறைவு. சாதாரணமாக 700-க்கு மேல் இருக்க வேண்டும். 400-க்குக் கீழே, கூடவே நிமோனியா அட்மிஷன் என்றால் ஐவிஐஜி, அதாவது மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியை நரம்பு வழியாக ஏற்றுவது பற்றிக் கேட்க வேண்டிய நேரம். கிலோவுக்கு 0.4 கிராம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. 50 கிலோவுக்கு 20 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் நான்கு. செலவு அதிகம்தான், அதனால் ஐஜிஜி எண்ணை மட்டும் பார்த்து யாரும் தொடங்குவதில்லை.

பலர் தவறவிடும் விஷயம்: முதல் பாட்டிலுக்கு முன்பே ஹெபடைடிஸ் பி பரிசோதனை, பழைய தொற்றைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் சேர்த்து, செய்துவிடுங்கள். ஐவிஐஜியில் மற்றவர்களின் ஆன்டிபாடி இருப்பதால் பிறகு செய்தால் பொய்யாக பாசிட்டிவ் வரும். இப்ருடினிப் எடுக்கும்போது பழைய ஹெபடைடிஸ் பி மீண்டும் கிளம்பக்கூடும் என்பதால் சரியான விடை முக்கியம்.

ஏற்றும்போது தலைவலி, குளிர் நடுக்கம் வந்தால் பெரும்பாலும் வேகம்தான் காரணம். உடனே நர்ஸிடம் சொன்னால் குறைப்பார்கள். தண்ணீருக்குத் தடை இல்லையென்றால் முதல் நாளே நன்றாகக் குடிக்கட்டும். ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் எண்ணையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது.

மதுரை மருமகள்:
மிக்க நன்றி. இட்ராகோனசோலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். வெள்ளணுக்களின் டோட்டல் கவுண்ட் 60,000 இருக்கிறதே, எதிர்ப்பு சக்தி அதிகம் என்றுதானே அர்த்தம்? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அடுத்து போலியோ சொட்டு மருந்து நாள் வருகிறது. பிரச்சினை உண்டா?

டே_கேர்_நர்ஸ்:
இல்லைங்க. அந்த 60,000-இல் பெரும்பகுதி நோயுற்ற லிம்போசைட் என்ற வெள்ளணு. இப்ருடினிப் அவற்றை நெறிக்கட்டிலிருந்து ரத்தத்துக்குத் தள்ளுவதால் எண் ஏறி, மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம். பார்க்க வேண்டியது கிருமியோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில். 4 சதவீதம் என்றால் 2,400, பரவாயில்லை. 1 சதவீதம் என்றால் 600 தான். டோட்டல் அதே 60,000 என்றாலும் அது ஆபத்தான இடம்.

சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ், குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். அத்தைக்கு ஆன்டிபாடி குறைவு என்று குழந்தை டாக்டரிடம் சொல்லி, ஊசி வழி போலியோ மருந்தே போதுமா என்று கேளுங்கள். சொட்டு போட்டுவிட்டால் ஆறு வாரத்துக்கு அத்தை நாப்கின் மாற்ற வேண்டாம். மாற்றுபவர் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அத்தைக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் ஆகாது. ஃபுளூ ஊசி, நிமோனியாவுக்கான நிமோகாக்கல், அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் மூன்றும் உயிரற்றவை, போடலாம். ஃபுளூ மட்டும் வருடாவருடம்.