வேதபாடம் நடத்துகிறவருக்கு வாசிப்பில் மகிழ்ச்சி குறைவது ஏன்?

கேள்வி (பாலக்கோடு):
கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள். எங்கள் சபையின் வீட்டுக்கூட்டத்தில் வேதபாடம் நடத்தும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு அதிகாரத்தையும் குறிப்பெடுத்துப் படித்தும், முன்பு வாசிப்பில் இருந்த சந்தோஷம் இப்போது இல்லை. கூட்டத்துக்கு வரும் எழுத்தறியாத பாட்டி ஒருவர், 23ஆம் சங்கீதத்தை வாசித்தால் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிவிட்டு, "இன்னொரு வாட்டி படி கண்ணு" என்று முகம் மலரக் கேட்கிறார். விளக்கம் சொல்லுகிற எனக்கு அந்த மகிழ்ச்சி கிடைக்காதது தாழ்மை குறைந்ததன் அடையாளமா?

பதில் 1 (கிருஷ்ணகிரி):
சகோதரரே, நெகேமியா 8ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். எருசலேமில் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியில் வேதபாரகனாகிய எஸ்றா காலமே தொடங்கி மத்தியானம்வரை மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்க, ஆலய ஊழியம் செய்யும் கோத்திரத்தாராகிய லேவியர் அதன் பொருளை விளக்க, ஜனங்கள் அழுகிறார்கள். அப்போதுதான் "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்" என்று அவர்களைத் தேற்றுகிறார்கள். இதுவரைதான் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். ஆனால் 13ஆம் வசனத்தில், முதல் நாள் விளக்கம் சொன்ன அதே லேவியர், மறுநாள் ஆசாரியரோடும் வம்சத்தலைவரோடும் சேர்ந்து கற்றுக்கொள்வதற்காக எஸ்றாவிடம் வந்து கூடுகிறார்கள். அப்படிக் கூடியபோதுதான் கிளைகளால் போட்ட கூடாரங்களில் தங்கிக் கொண்டாடும் கூடாரப்பண்டிகையைப் பற்றிய கட்டளை அவர்கள் கண்ணில் படுகிறது. அதன்படியே கிளைகளைக் கொண்டுவந்து கூடாரங்கள் போடுகிறார்கள். "மிகுந்த சந்தோஷமுண்டாயிருந்தது" என்று 17ஆம் வசனம் சொல்லுகிறது. போதிக்கிறவர் மாணவராக உட்கார்ந்து, கேட்டதைத் தாமே செய்த இடத்தில் அந்தச் சந்தோஷம் வந்தது என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பிறருக்கு எப்படிச் சொல்லுவது என்ற நோக்கத்தோடு மட்டும் வாசித்தால், வசனம் நம்மைக் கடந்து மற்றவர்களிடம் போய்விடுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. எங்கள் கூட்டத்தில் வேறு போதகர் இல்லையே. நான் யாரிடம் போய் உட்காருவது?

பதில் 2 (ஓசூர்):
ஆதிசபையின் போதகரான அப்பொல்லோ அலெக்சந்திரியாவில் பிறந்த சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர். அவருக்கு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக விளக்கியவர்கள் கூடாரம் பண்ணும் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்தான் (அப்போஸ்தலர் 18). ஆகவே போதகரைத் தேட வேண்டியதில்லை. பாடம் முடிந்தபின் அந்தப் பாட்டியிடமே, எந்த வரி அவரைத் தேற்றியது என்று கேட்டு, குறுக்கே விளக்கம் சொல்லாமல் கேளுங்கள்.

பதில் 3 (அரூர்):
தம்பி, மேலே சொன்னவை சரிதான். ஆனாலும் வாசிப்பில் வரும் வறட்சி எல்லாமே பெருமையால் வருவதல்ல. மாங்காய் அறுவடைக் காலத்தில் பகல் முழுவதும் தோப்பில் நின்றுவிட்டு இரவில் வேதத்தைத் திறக்கிறவருக்கு உடல் சோர்வே பாதி காரணம். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் வேதத்தைப் பற்றிய பிரியத்தையே பாடுகின்றன, அதற்குள்ளேயே "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்" என்ற 25ஆம் வசனமும் இருக்கிறது. சந்தோஷம் இல்லாத நாளில் இல்லை என்று கர்த்தரிடம் அப்படியே சொல்லுவதும் தாழ்மைதான். பாடத்துக்குரிய பகுதியை ஒதுக்கிவைத்து, குறிப்பேடு இல்லாமல், யாருக்கும் சொல்லத் தேவையில்லாத ஒரு சங்கீதத்தைக் காலையில் சத்தமாக வாசித்துவிட்டு வேலைக்குப் போங்கள்.