உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க இந்த வயதில் பழக முடியுமா?

தையல்கடை_காவேரிப்பட்டணம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். வயது 51. சில வருடமாகவே இரண்டு காதும் மந்தம். இப்போது இரண்டு பக்கமும் காது மெஷின், காதுக்குப் பின்னால் மாட்டுவது.

சத்தம் நன்றாகவே கேட்கிறது, சொல்தான் பிடிபடுவதில்லை. பேசுகிறார்கள் என்று தெரிகிறது, என்ன பேசினார்கள் என்று தெரிவதில்லை. வீட்டில் ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடுவேன். கடையில்தான் திண்டாட்டம். பஸ் போகிற ரோட்டின் மேலேயே கடை. ஹாரன், பக்கத்து மாவு மில், என்னுடைய மோட்டார் மெஷின் எல்லாம் சேர்ந்துகொள்ளும். காது மெஷின் அத்தனையையும் பெரிதாக்கிக் கொடுக்கும்.

பின் கழுத்து எத்தனை இன்ச், லைனிங் உண்டா, கைக்குப் பைப்பிங் வேண்டுமா, எந்த முகூர்த்தத்துக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் அதிகம் கேட்டால் "பரவால்ல விடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த "பரவால்ல விடுங்க" மட்டும் உதட்டைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிடுகிறது!

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகலாம் என்று சொல்கிறார்கள். யூடியூபில் தேடினால் வருவதெல்லாம் ஆங்கிலம். ஆங்கில உதடு எனக்கு எதற்கு? தமிழில் பழகினவர்கள் யாராவது இருந்தால் எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள். வீட்டில் மாமியார் எந்நேரமும் வெற்றிலை, வீட்டுக்காரருக்கு மீசை. அதற்கும் வழி இருந்தால் நல்லது.

ரிட்டயர்டு_கண்டக்டர் எழுதியது:

தங்கச்சி, பழகலாம். காது கெடுவதற்கு முன்னாலேயே நான் பழகிவிட்டேன். தருமபுரி–ஓசூர் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முகூர்த்த நாளில் நிற்கக்கூட இடமில்லாத பஸ்ஸில், பின் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறவர் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்கிறார் என்பது காதில் எங்கே விழும்? வாயைப் பார்த்துத்தான் டிக்கெட் கிழிப்போம். பாடம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

என் ரூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு என்பவரும் மாரண்டஹள்ளி என்பவரும் உதட்டை ஒட்டித்தான் ஆரம்பிப்பார்கள். ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றேதான். ம-வுக்குக் காற்று மூக்கு வழியாக வரும், அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் "கோடு" வரும்போது உதடு குவியும், "ஹள்ளி" வரும்போது பக்கவாட்டில் இழுபடும். வெள்ளிச்சந்தைக்கு மேல்பல் கீழுதட்டில் படும். புலிகரைக்கு மூடின வாய் குவிந்து திறக்கும். உத்தனப்பள்ளி குவிந்து தொடங்கி நடுவில் ஒரு தடவை மூடும். ராயக்கோட்டைக்கு உதடு ஒட்டவே ஒட்டாது.

இதைக் கேட்டுவிட்டு எனக்கு ஏதோ பெரிய வித்தை தெரியும் என்று நினைக்க வேண்டாம். அந்த ரூட்டில் இருப்பதே கொஞ்சம் ஊர்கள்தான். ஏறினவர் அதில் ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும். அதே ஆள் திடீரென்று "உங்க பையனுக்கு வேலை கிடைச்சுதா" என்று கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். என்னென்ன பதில் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் உதடு உதவும். எதுவும் வரலாம் என்றால் உதட்டை மட்டும் வைத்து ஒன்றும் ஆகாது.

உங்கள் கடையும் ஒரு ரூட் பஸ்தான். வருகிறவரைத் தன் போக்கில் பேச விடாமல் நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள், எப்போதும் ஒரே வரிசையில். முதலில் துணி, அப்புறம் லைனிங், அப்புறம் கழுத்து, அப்புறம் கை, கடைசியில் தேதி. "என்ன மாதிரி வேணும்?" என்று கேட்டால் அவர் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். "லைனிங் வேணுமா, வேணாமா?" என்று கேளுங்கள். வேணும், வேணாம் இரண்டும் பல்லில் உதடு பட்டுத்தான் தொடங்கும். ஆனால் "வேணாம்" சொல்லும்போது தாடை நன்றாக இறங்கும், "வேணும்" சொல்லும்போது இறங்காது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடியில் இன்னொன்றும் பாருங்கள். சத்தம் இல்லாமல் "அப்பா", "அம்மா" என்று சொல்லுங்கள். கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியாது. பல்லி, மல்லி, பள்ளி மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வள்ளி மட்டும் தனியாகத் தெரிவாள். பணம், மணம், மனமும் அப்படியே. கண்ணால் பிரிக்க முடியாத சொற்கள் எவை என்று தெரிந்துகொள்வதும் பாதிப் பயிற்சி. அங்கே உதட்டை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, பேச்சின் போக்கை வைத்துத்தான் எடுக்க வேண்டும். "பிள்ளைங்களுக்கு மல்லிக்கு நேரமாச்சு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

எண்கள்தான் ஆபத்து. பேச்சில் ஐம்பது "அம்பது" ஆகிவிடும், எண்பது "எம்பது" ஆகிவிடும். காது நன்றாக இருப்பவர்களே இதில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அறுபதும் எழுபதும் அதே வம்புதான். எண்ணை உதட்டில் வாங்காதீர்கள். டேப்பைக் கழுத்தில் வைத்து, எது வரை என்று அவர் விரலால் காட்டட்டும். பணத்தைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

அப்புறம் வெளிச்சம். ரோட்டைப் பார்த்த கடை என்றால், வருகிறவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துப் பேசுவார். வெயில் அவர் முதுகில் இருக்கும், முகம் இருட்டாகிவிடும். உள் சுவர் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டு, வாசலைப் பார்த்த மாதிரி அவரை உட்கார வையுங்கள். ரோட்டுக்கு முதுகு காட்டி நீங்கள் எதிரில் உட்காருங்கள். மூன்று நான்கு அடி தூரம் போதும். அவர் வாய் திறந்தால் மோட்டாரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

டிவி செய்தியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நானும் பார்த்தேன், எனக்குப் பெரிதாக உதவவில்லை. அவர்கள் எழுத்துத் தமிழை வாசிக்கிறார்கள். உங்கள் கடைக்கு வருகிற எந்த அம்மாவும் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லப்போவதில்லை, "வந்துட்டிருக்கேன்" என்றுதான் வாய் அசையும். அதைவிட வீட்டில் யாரையாவது கடைப் பேச்சையே பேசச் சொல்லி போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தமில்லாமல் பாருங்கள், பிறகு சத்தத்தோடு பாருங்கள். நல்ல பலன் உண்டு.

பர்கூர்_மருமகள் எழுதியது:

அக்கா, எங்கள் மாமனாருக்கும் இதே கதைதான். கண்டக்டர் அண்ணன் சொன்னது உங்கள் பக்கத்து வேலை. வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்.

அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது. எதிரில் வந்து, தோளைத் தொட்டு, பார்த்த பிறகுதான் பேச்சு. கத்தவே கூடாது. கத்தினால் வாய் கோணலாகப் போய் உதடு இன்னும் புரியாது, பார்க்கிறவருக்குத் திட்டுகிற மாதிரியும் இருக்கும். எழுத்தெழுத்தாக இழுத்துச் சொன்னாலும் அதே கதி. சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும்.

புரியாவிட்டால் அதே வாக்கியத்தை மறுபடி மறுபடி சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். "மாத்திரை போட்டீங்களா" எடுபடாவிட்டால் "காலையில மருந்து சாப்பிட்டாச்சா" என்று கேட்பேன். எதைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லிவிடுவேன். "தம்பி கல்யாணம்" என்று ஆரம்பித்துவிட்டால் பின்னால் வருகிற மண்டபம், பத்திரிகை எல்லாம் அவருக்குத் தானாகப் பிடிபடும்.

மீசையைக் கத்தரித்து மேலுதடு தெரிய வைக்கச் சொல்லுங்கள். முறுக்கு மீசை என்றால் பிரச்சினையே இல்லை, அது மேல்நோக்கித்தானே போகிறது! வெற்றிலைக்கு என்னிடம் யோசனை இல்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

செவி_பரிசோதகர்_ஓசூர் எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு. "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்று எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் சொல்வார்கள். காதைச் சோதித்துத் தருகிற வரைபடம், அதாவது உங்கள் ஆடியோகிராமை எடுத்துப் பாருங்கள். கோடு இடமிருந்து வலமாகக் கீழே இறங்கினால், தாழ்ந்த ஓசைகள் ஓரளவு கேட்கின்றன, உயர்ந்த ஓசைகள் போய்விட்டன என்று பொருள். ஆ, ஊ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த ஓசையில் இருக்கிறது. ச, த, ட, க போன்றவற்றை அடையாளம் காட்டும் மெல்லிய ஓசை உயரத்தில் இருக்கிறது. உயிர் கேட்கும், மெய் கேட்காது. அதனால் பேச்சு நடப்பது தெரிகிறது, சொல் தெரிவதில்லை.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. ப-வா, த-வா, க-வா என்பது காதுக்குக் குழப்பம், கண்ணுக்கு எளிது. ப உதட்டில் பிறக்கிறது, த-வுக்கு நாக்கு நுனி பல்லில் படுவது தெரியும், க தொண்டைப் பக்கம் என்பதால் உதடு சும்மா இருக்கும். பெரியவர் சொன்ன ப, ம குழப்பத்தில் நிலைமை தலைகீழ். கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ம-வின் மூக்கொலி தாழ்ந்த ஓசை, உங்கள் காதில் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே உதடு பார்க்கப் பழகுகிறேன் என்று காது மெஷினைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும்.

காது நன்றாக உள்ளவர்களும் உதட்டால்தான் பாதி கேட்கிறார்கள் என்றுகூடச் சொல்வேன். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். காதுக்கு "ப" வகை ஓசை, கண்ணுக்கு "க" வகை ஓசையைச் சொல்லும் வாய். பார்த்தவர்களில் பலருக்கு இரண்டும் இல்லாமல் "த" வகை ஓசை கேட்டது.

உதட்டசைவுக்கு என்று தமிழில் தனி வகுப்பை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் மைசூரில் இருக்கிறது. பெங்களூர் வழியாகப் போகலாம். முழுப் பரிசோதனை, மெஷின் சரிசெய்தல், கேட்டல் பயிற்சி எல்லாம் அங்கே கேட்டுப் பாருங்கள். மெஷினைப் பொறுத்தவரை சத்தமான இடத்துக்கு என்று தனி அமைப்பு பலவற்றில் உண்டு. உங்களுடையதில் அதைப் போட்டுத் தந்திருக்கிறார்களா என்று வாங்கிய இடத்தில் விசாரியுங்கள்.

ஆடியோகிராமில் இரண்டு காதிலும் கேட்கும் குறைபாடு 60 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி பேச்சைத் தமிழிலேயே எழுதிக் காட்டும். மாவு மில் ஓடும்போது அதுவும் தப்புத் தப்பாகத்தான் எழுதும். மாலையில் கூட்டம் குறைந்தபின் பயன்படும்.

தையல்கடை_காவேரிப்பட்டணம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டூலை நேற்றே மாற்றிப் போட்டுவிட்டேன். முகம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பெண் "ஏன்க்கா, டாக்டர் ரூம் மாதிரி உட்கார வைக்கிறீங்க" என்று கேட்டாள். காது மந்தம், முகம் பார்த்தால்தான் புரியும் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவளே நிதானமாகப் பேசினாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, சாயங்காலம் ஆனால் கண்ணும் தலையும் வலிக்கிறது, காலையில் புரிந்ததுகூட அப்போது புரிவதில்லை. இன்னொன்று, இந்தப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் உதடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன், பாதியில் மொழி மாறிவிடும். அண்ணா, ஓசூர் பஸ்ஸில் என்ன செய்தீர்கள்?

ரிட்டயர்டு_கண்டக்டர் எழுதியது:

தலைவலி வரத்தான் செய்யும். காது செய்கிற வேலையைக் கண் இழுத்துப் போட்டுச் செய்கிறது. அளவெடுக்க வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்லுங்கள், சாயங்காலம் தைத்ததைக் கொடுக்கிற வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் காஜா, ஹெம்மிங் என்று உட்கார்ந்துவிடுங்கள்.

மொழிக்கு வருகிறேன். ராயக்கோட்டை தாண்டினால் பஸ்ஸில் மூன்று மொழியும் ஏறும். யார் வந்தாலும் முதல் பேச்சை நானே ஆரம்பித்து, அவர் எதில் பதில் சொல்கிறார் என்று பார்த்துக்கொள்வேன். மொழி தெரியாமல் உதட்டைப் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துவிடும். தெலுங்கில் "வத்து" என்றால் வேண்டாம். அதற்கும் நம்முடைய "வேணும்" மாதிரியே பல் உதட்டில் படும்! வேண்டும் என்பதற்கு அவர்கள் "காவாலி" என்பார்கள், முதலில் வாய் நன்றாகத் திறந்து நடுவில்தான் பல் படும். கன்னடத்தில் "பேக்கு", "பேடா" இரண்டுமே உதட்டை ஒட்டித்தான் ஆரம்பம். கடைசியைப் பாருங்கள். பேக்கு என்றால் வேண்டும், உதடு குவிந்து முடியும். பேடா என்றால் வேண்டாம், வாய் திறந்து நிற்கும்.

லைனிங்குக்கு இந்த ஆறு சொல் போதும். பைப்பிங், பார்டர் எல்லாம் மூன்று மொழியிலும் அதே பைப்பிங், அதே பார்டர்தான்.